பேணுதல் யார் கடன்?

ஒரு பொருளை வாங்குவதற்கு ஒரு நாள் போதும். அதைப் பேணுவதற்கோ அப்பொருளின் ஆயுள் முழுவதும் வேண்டும். வாங்கும் நாளில் வீட்டார் கூடுகின்றனர், அண்டை அயலார் வந்து பார்த்து மகிழ்கின்றனர், இனிப்பும் வழங்கப்படுகிறது. பேணும் நாள்களில் எவரும் கூடுவதில்லை. எண்ணெய்க் கறை படிந்த கையோடு ஒருவன் தனியே குனிந்து நிற்கிறான், அவ்வளவுதான். உடைமை என்னும் சொல்லின் உண்மையான பொருள் இவ்விரு நாள்களில் எதில் அடங்கியிருக்கிறது?

இவ்வினாவை எடுத்துப் பேசப் பெரிய தத்துவ நூல்கள் தேவையில்லை. வயதாகிப்போன ஜீப் வண்டி ஒன்று போதும். நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர ஆற்றலைச் செலுத்தும் அந்த முரட்டு வண்டியைச் சொந்தக் கையாலேயே பழுதுபார்த்து ஓட்டிவருவோர் நம் நாட்டில் இன்றும் பலர் உள்ளனர். அவர்களைப் பார்த்துச் சிலர் வியக்கின்றனர், சிலர் நகைக்கின்றனர். “பழையதைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?” என்பது ஒரு கேள்வி. “தெரிந்தவனிடம் விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கக் கூடாதா?” என்பது மற்றொரு கேள்வி. இரண்டும் நியாயமான கேள்விகளே. இவற்றுக்கு விடை தேடும்போது, பணத்தையும் நேரத்தையும் தாண்டி, அறத்தைப் பற்றிய மூன்றாவது கேள்வி ஒன்று நம் முன் வந்து நிற்கிறது: ஒரு பொருளைப் பேணும் கடன் யாருடையது? அது எதுவரை செல்லும்?

வெறுங்கால்கள் நடக்கும் பாதை

அடி அண்ணாமலை, திருவண்ணாமலைப் பெரிய கோயிலுக்கு மறுபுறமாக, மலையின் மேற்குப் பக்கத்தில் அமைந்த ஊர். மலையைச் சுற்றிவரும் சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை இவ்வூர் வழியாகவே செல்கிறது. முழுநிலவு நாள்களில் லட்சக்கணக்கான மக்கள் இப்பாதையில் நடக்கின்றனர். அவர்களில் பெரும்பாலோர் காலில் செருப்பணிவதில்லை. முதியோரும், குழந்தையை இடுப்பில் சுமந்த தாய்மாரும், இரவு முழுவதும் வெறுங்காலோடு நடந்து செல்கின்றனர்.

மற்ற நாள்களில் இதே பாதை ஊராரின் அன்றாடப் பாதை. பால் கேன்களும், நெல் மூட்டைகளும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் இதன் வழியேதான் போகவேண்டும். தார்ச்சாலையைவிட்டு இறங்கினால் கரம்பும், ஏரிக்கரையும், மழை பெய்தால் சக்கரத்தை விழுங்கும் சேறும் உண்டு. சற்று வடமேற்கே சென்றால் ஜவ்வாது மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. இத்தகைய நிலப்பகுதியில் ஜீப் வண்டி ஓர் ஆடம்பரமன்று. உழைப்புக்கு உதவும் கருவி.

வெறுங்காலோடு மக்கள் நடக்கும் பாதையில் நம் வண்டி ஓடுகிறது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அவ்வண்டியிலிருந்து தளர்ந்து விழும் ஒரு நட்டு, சொட்டும் எண்ணெய், பிடிக்காத பிரேக் ஆகியவை அதன் சொந்தக்காரனின் தனிப்பட்ட விவகாரங்களல்ல. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் கிளைகளில் ஒன்று என்று கற்றவர்கள் நாம். அகற்றுவது அறமென்றால், இடையூற்றை நாமே கொண்டுபோய்ப் போடாமலிருப்பது அதற்கும் முந்திய அறமன்றோ?

போரில் பிறந்த வண்டி

ஜீப்பின் வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்துக்காக 1941ஆம் ஆண்டு முதல் வில்லிஸ், போர்டு ஆகிய இரு நிறுவனங்களும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. போர்க்களத்தில் பட்டறை கிடையாது. வண்டி நின்றால், கையிலிருக்கும் சில கருவிகளைக் கொண்டு சிப்பாயே அதைச் சீர்செய்து ஓட்டியாக வேண்டும். ஆகவே, திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படியும், கைக்கு எட்டும்படியும், ஒரு வண்டியின் உறுப்பை மற்றொரு வண்டிக்கு மாற்றிக்கொள்ளும்படியும் அது அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் பிலிப்பைன்ஸ் மக்கள் தம் நாட்டில் விடப்பட்ட ஜீப்புகளை நீட்டியும், மேற்கூரை போட்டும், வண்ணம் தீட்டியும் ‘ஜீப்னி’ என்னும் ஊர்தியாக மாற்றிக்கொண்டனர். கொல்வதற்குத் துணையாகப் பிறந்த வண்டி, பிழைப்பதற்குத் துணையாக மாறிற்று.

நம் நாட்டில் இவ்வண்டி வேரூன்றிய கதையிலும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1945ஆம் ஆண்டில் லூதியானாவில் ‘மஹிந்திரா அண்ட் முஹம்மத்’ என்னும் பெயரில் ஒரு வணிக நிறுவனம் தொடங்கப்பட்டது. மஹிந்திரா சகோதரர்கள் இருவரும், அவர்களோடு கூட்டுச் சேர்ந்த மாலிக் குலாம் முஹம்மத் அவர்களும் அதன் நிறுவனர்கள். இரண்டே ஆண்டுகளில் நாடு பிரிந்தது. குலாம் முஹம்மத் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகவும், 1951 முதல் 1955 வரை அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் விளங்கினார். இங்கே 1948ஆம் ஆண்டில் நிறுவனத்தின் பெயர் ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ என்று மாறிற்று. உருக்கு வணிகத்தில் தொடங்கிய அந்நிறுவனம், வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டித் தரும் பணியை மேற்கொண்டு, பின்னர் உரிமம் பெற்று இங்கேயே உருவாக்கவும் செய்தது. கூட்டாளிகள் பிரிந்தனர், எல்லைக்கோடு விழுந்தது, பெயர்ப்பலகை மாறிற்று. வண்டி மட்டும் அரசு அலுவலகத்திலும், தோட்டத்திலும், மலைப்பாதையிலும் பல்லாண்டுகள் ஓடிற்று. மனிதர்கள் கட்டிய உறவுகள் முறிந்துவிட்ட போதும், யாரேனும் பேணிக்கொண்டு வந்ததனால் பொருள் நிலைத்தது என்பது ஒரு வகையில் ஆறுதல். மற்றொரு வகையில் நம்மைச் சுடும் உண்மை.

அறிதலே முதற்கடன்

நம் பகுதியில் பழைய ஜீப் என்றால், பெரும்பாலும் ‘சி.ஜே. 3பி’ என்னும் அமைப்பைத் தழுவிய வண்டிகளே நினைவுக்கு வரும். அமெரிக்காவில் 1950களின் தொடக்கத்தில் வெளிவந்த அமைப்பு அது. நான்கு சிலிண்டர்கள் கொண்ட, சுமார் 2.2 லிட்டர் பெட்ரோல் இயந்திரம் அதன் நெஞ்சு. காற்றை உள்ளே விடும் வால்வுகள் மேலேயும், புகையை வெளியேற்றும் வால்வுகள் கீழேயும் அமைந்திருப்பதால் இயந்திரம் சற்று உயரமானது. அதனாலேயே முன்மூடியும் உயர்ந்து நிற்கிறது. சிலிண்டர்கள் ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்னும் வரிசையில் எரிகின்றன. பாயிண்ட்டின் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு. ப்ளக்கின் இடைவெளி 30 பங்கு. கண்ணால் காணவியலாத இச்சிறு இடைவெளி குறைந்தாலோ கூடினாலோ, அத்தனை பெரிய இரும்புவண்டி இருமிக்கொண்டு நின்றுவிடுகிறது.

நான்கு சக்கர இயக்கத்தையும் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். கியர்பெட்டிக்குப் பின்னால் பூட்டப்பட்ட மற்றொரு பெட்டி, ஆற்றலை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. நெம்புகோலைத் தள்ளினால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்கின்றன. சேற்றிலும் மணலிலும் இதைப் போன்ற துணை வேறில்லை. காய்ந்த தார்ச்சாலையிலோ இதுவே கேடாகும். வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட தூரம் உருள வேண்டும். சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி அவ்வேறுபாட்டைச் சரிக்கட்டிக்கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. ஆகவே அந்த முறுக்கம் முழுவதும் பற்சக்கரங்கள்மீதும் இணைப்புகள்மீதும் விழுகிறது. ஸ்டியரிங் கனக்கிறது, உறுப்புகள் தேய்கின்றன. வலிமை எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்பதை அறியாதவன் கையில் வலிமையே அழிவுக்குக் காரணமாகிறது.

இவையெல்லாம் மெக்கானிக் அறிய வேண்டியவை, நமக்கெதற்கு என்று கேட்கலாம். ஒரு மாட்டை வளர்ப்பவன் அதன் பசியையும் நோயையும் அறிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். கால்நடை மருத்துவனாக இருக்க வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை; தீனி தின்னாமல் நிற்பதைக் கவனிக்காமலிருந்தால் மட்டும் அவனைப் பழிக்கிறோம். பொருளின் பேணுதலும் அவ்வாறே. இயக்கத்தை அறிதல், ஒலியின் மாறுதலைக் கேட்டல், கீழே சொட்டியிருப்பது தண்ணீரா, எண்ணெயா, பிரேக் திரவமா என்று குனிந்து பார்த்தல் ஆகியவை உடையவனின் முதற்கடன். இக்கடனைக் கூலி கொடுத்து எவரிடமும் ஒப்படைக்க இயலாது.

கையால் செய்வதன் மதிப்பு

அறிந்தால் போதாதா? கையையும் அழுக்காக்கிக்கொள்ள வேண்டுமா?

நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள். தம் ஆடைக்குத் தாமே ஒட்டுப்போட்டுக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தியை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். தைத்துத்தர ஆளில்லை என்பதால் நடந்ததன்று அது. கைவேலை எவருக்கும் இழிவாகாது என்பதை உலகுக்குக் காட்டிய வாழ்க்கை அது. அத்தகைய மரபில் வந்த சமுதாயத்தில், எண்ணெய்க் கறையைக் கண்டு முகம் சுளிக்கும் பழக்கம் எங்கிருந்து நுழைந்தது?

அறிவும் கையும் ஒன்றாக இருந்த காலத்தில்தான் இயந்திரக் கலை வளர்ந்தது. 1206ஆம் ஆண்டில் தியார்பக்ரில் அர்துகிய மன்னர்களின் அவையில் பணிபுரிந்த அல் ஜஸரி, இயந்திரக் கருவிகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதி முடித்தார். சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றித் தண்ணீர் இறைக்கும் பம்பு ஒன்று அதில் விளக்கப்பட்டிருக்கிறது. பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் நம் ஜீப் இயந்திரம், அதே தத்துவத்தைத் திருப்பிப் போட்டதேயாகும். அவர் கருவிகளின் பெருமையைப் பாடுவதோடு நிற்கவில்லை. பிறர் செய்து பார்க்கும்படி உறுப்புகளையும் அளவுகளையும் எடுத்துரைத்தார். கற்றதை மறைத்துவைக்காத கைவினைஞரின் நேர்மை அது. நம் தமிழகத்திலும், கோவை ஜி. டி. நாயுடு (1893–1974) தாம் விலைக்கு வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே இயந்திரக் கல்வியைத் தொடங்கினார். பள்ளி தராத கல்வியை ஸ்பேனர் தந்தது.

ஆயினும் மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். “அவரவர் தொழிலை அவரவர் செய்தால்தான் ஊர் வாழும். நீரே எல்லாம் செய்துகொண்டால் பட்டறைக்காரன் எப்படிப் பிழைப்பான்?” என்று ஒருவர் கேட்டால், அதை எளிதில் தள்ள முடியாது. பட்டறைத் தொழிலில் நம் சமுதாய இளைஞர்களும் ஏராளமானோர் உழைக்கின்றனர். அவர்களுடைய அடுப்பெரிவதும் பிறர் வண்டி பழுதாவதால்தான்.

சிந்தித்துப் பார்த்தால், தானே ஸ்பேனர் பிடித்தவன் பட்டறைக்காரனின் பகைவனல்லன். துருப்பிடித்த ஒரு போல்ட்டைக் கழற்ற அரைநாள் போராடியவனுக்கே, அதைக் கால்மணியில் கழற்றித் தருபவனின் திறமை விளங்கும். “இதற்கா இவ்வளவு கூலி?” என்று அவன் வாதாடமாட்டான். தானே செய்யத்தக்க சிறு வேலைகளைச் செய்துகொள்வான். பெரிய வேலைக்கு உரிய கூலியை மனமுவந்து கொடுப்பான். ஒன்றும் அறியாதவனே இரண்டு வழியிலும் தவறுகிறான்: ஏமாற்றுபவனிடம் பணத்தை இழக்கிறான், நேர்மையாளனைச் சந்தேகத்தால் புண்படுத்துகிறான். கையால் செய்து பெறும் முதற்பயன் சிக்கனமன்று. பிறர் உழைப்பின் எடையைத் தன் கையிலேயே உணர்வதுதான்.

எல்லை எங்கே?

கையால் செய்வது நன்று எனக் கண்டோம். எல்லாவற்றையும் செய்யலாமா? இங்கேதான் கேள்வி கூர்மையடைகிறது.

பழைய வில்லிஸ் அமைப்பில் கால் பிரேக்குக்கு ஒரே மாஸ்டர் சிலிண்டர். நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவத் தொடர். எங்கேனும் ஒரு குழாயோ ரப்பர் வாஷரோ விட்டுப்போனால், ஒரு சக்கரம் மட்டுமன்று, நான்குமே பிடியிழக்கும். அத்தொடரில் ஊற்றும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் வெப்பநிலை தாழ்கிறது. மலையிறக்கத்தில் பிரேக் சூடேறும்போது திரவம் கொதித்து ஆவியானால், மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. திரவம் குறைந்துவிட்டதென்று இயந்திர எண்ணெயை ஊற்றினால், உள்ளிருக்கும் ரப்பர் உப்பிப் பழுதாகும். புறத்தே எவ்வித அடையாளமும் தெரியாது.

கைப்பிரேக்கிலும் அறியவேண்டிய நுட்பம் உண்டு. இவ்வமைப்பில் அது சக்கரங்களைப் பிடிப்பதில்லை. பின்னச்சுக்குச் செல்லும் சுழல்தண்டைப் பிடிக்கிறது. கைப்பிரேக்கைப் போட்டுவிட்டோம் என்னும் துணிவில் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினால், டிஃபரன்சியலின் இயல்பால் தூக்கிய சக்கரம் பின்னோக்கிச் சுழல, தரையிலுள்ள சக்கரம் முன்னோக்கி உருளக்கூடும். வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். ஆகவே தரையிலிருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் தூக்கக் கூடாது. உறுதியான தாங்கி கொடுக்காமல், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை நீட்டவே கூடாது. உதவிக்கு நிற்கும் பிள்ளையை அடியில் அனுப்புவது அதனினும் பெருங்குற்றம்.

எனவே எல்லையை வரையறுக்க ஓர் அளவுகோல் வேண்டும். ‘என்னால் முடியுமா?’ என்பது சரியான அளவுகோலன்று. ஆசையுள்ளவன் எல்லாம் முடியும் என்பான். ‘இவ்வேலை தவறினால் அதன் விலையை யார் கொடுப்பார்?’ என்பதே உரிய கேள்வி. பாயிண்ட்டைத் தவறாக வைத்தால் வண்டி வழியில் நிற்கும். வெயிலில் நாம் நடப்போம். கார்புரேட்டரைச் சரியாகத் துடைக்காவிட்டால் இயந்திரம் திணறும். நம் நேரம் போகும். அத்தகைய வேலைகளில் கற்றுக்கொள்ள நமக்கு முழு உரிமை உண்டு. ஏனெனில் கல்வியின் கட்டணத்தை நாமே செலுத்துகிறோம். பிரேக்கும் ஸ்டியரிங்கும் அப்படிப்பட்டவையல்ல. அவை தவறினால், எதிரே வெறுங்காலோடு நடந்துவரும் முன்பின் அறியாத ஒருவர் விலை கொடுப்பார். நம் கல்விக்கு அவரைக் கட்டணம் கட்டச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

பிரேக்கைத் தொடவே கூடாது என்பது இதன் பொருளன்று. தேர்ந்த ஒருவரின் அருகிருந்து கற்கலாம். செய்த வேலையை அவர் கண்ணால் பார்த்துச் சரியென்று சொன்னபின் சாலைக்கு எடுக்கலாம். தன்னம்பிக்கை நல்ல குணம். பிறர் உயிரை வைத்து ஆடும் தன்னம்பிக்கைக்கு அகந்தை என்பதே பெயர்.

ஒட்டுவேலையும் ஒளிப்புவேலையும்

பழைய வண்டிக்காரர்களிடம் பல கைத்தந்திரங்கள் உண்டு. பெட்ரோல் டேங்கில் மெல்லிய கசிவு கண்டால் சவர்க்காரத்தைத் தேய்த்து அடைப்பார்கள். அறுந்த இணைப்பைக் கம்பியால் கட்டுவார்கள். இருட்டிய வேளையில், ஊருக்கு வெளியே, வீட்டாரை வைத்துக்கொண்டு நிற்கும்போது இவை பெரும் உதவி. ஒட்டுவேலை இழிவன்று. வீடு சேரும்வரை அது நாம் வாங்கிய சிறு கடன். வீடு சேர்ந்தபின் அதைத் தீர்க்காமல் நாளையும் மறுநாளும் ஓட்டுவோமாயின், அது கடனை மறுத்துவிட்ட செயலாகும். கம்பியால் கட்டியதை ஆறு மாதம் ஓட்டினேன் என்று பெருமை பேசுவோர், அந்த ஆறு மாதமும் பிறர் அறியாமல் அவர்களுடைய பாதுகாப்பிலிருந்து களவாடியதையே பெருமையாகப் பேசுகின்றனர்.

இதனினும் கொடியது ஒளிப்புவேலை. தேய்ந்த கியர்பெட்டியில் கெட்டியான எண்ணெயை ஊற்றினால் சிலநாள் இரைச்சல் அடங்கும். துருத்துளையை மாவால் அடைத்துப் பெயிண்ட் அடித்தால் சட்டம் புதிது போலிருக்கும். வாங்க வருபவன் மகிழ்ந்து பணம் கொடுத்துச் செல்வான். குறையை அறிந்தும் சொல்லாமல் விற்பது ஆகாது என்னும் வணிக ஒழுக்கம் நம் மார்க்கத்தில் அடிப்படையானது. “பழைய வண்டிதானே, அவனே பார்த்து வாங்கியிருக்க வேண்டும்” என்னும் சமாதானம் செல்லாது. குறை கண்ணுக்குத் தெரிந்தால் பார்த்து வாங்கலாம். நாமே மூடி மறைத்ததை அவன் எப்படிப் பார்ப்பான்? தானே பழுதுபார்ப்பவனுக்கு இங்கே பொறுப்பு அதிகம். ஒன்றுமறியாதவன் “எனக்குத் தெரியாது” எனலாம். ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிப் பார்த்தவன் அவ்வாறு சொல்ல முடியாது. அறிவு கூடும்போது சாக்குகள் குறைகின்றன.

மண்ணுக்கும் காற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்

வீட்டு முற்றத்தில் எண்ணெய் மாற்றுவது எளிய வேலை. கழிவெண்ணெயை எங்கே கொட்டுவது என்பது எளிய கேள்வியன்று. தேய்ந்த உலோகத்துகளும் நச்சும் கலந்த அக்கறுப்பு எண்ணெய் மழைநீரோடு ஏரிக்கும் கிணற்றுக்கும் இறங்கும். மலையைச் சுற்றியுள்ள ஏரிகளும் குளங்களும் ஊராரின் பொதுச் சொத்து. பயன்படுத்திய எண்ணெயை 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் தனியாகக் கையாளச் சொல்கின்றன. மூடிய கேனில் சேர்த்துவைத்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் முறையான சேகரிப்பாளரிடம் சேர்ப்பதே தக்கது. பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. டிரம்மைக் கழற்றியவுடன் தூசியை வாயால் ஊதுவதும், காற்றடித்துப் பறக்கவிடுவதும் தன் நுரையீரலையும் அருகில் நிற்பவனின் நுரையீரலையும் கெடுக்கும். ஈரத்துணியால் துடைப்பதே முறை.

புகையைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். நம் நாட்டில் பெட்ரோல் வண்டிகளுக்கு 1991ஆம் ஆண்டிலும், டீசல் வண்டிகளுக்கு 1992ஆம் ஆண்டிலும் புகையளவு விதிகள் தொடங்கின. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தது. அதற்கெல்லாம் முன் பிறந்த கார்புரேட்டர் இயந்திரம், எவ்வளவு நன்றாகப் பேணப்பட்டாலும், புதிய இயந்திரத்தைவிட மிகுதியாகக் காற்றை மாசுபடுத்தும். புதிய வண்டியைச் செய்வதற்கும் இரும்பும் எரிபொருளும் செலவாகின்றன என்பதும் மெய்யே. ஆயினும் அதைச் சொல்லிப் பழைய வண்டியை நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓட்டுவதை நியாயப்படுத்த முடியாது. வேண்டும்போது மட்டும் எடுத்து, சீராக வைத்து, அளவாக ஓட்டுபவனுக்கே அந்த வாதம் பொருந்தும். பழமையை நேசிப்பதற்கான செலவைப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சில் வசூலிக்கக் கூடாது.

எது அந்த வண்டி?

காலப்போக்கில் பழைய ஜீப்பில் எல்லாமே மாறிவிடுகின்றன. பேரிங் மாறுகிறது, கியர் மாறுகிறது, உடற்கூடு புதிதாகிறது, சிலர் இயந்திரத்தையே மாற்றிவிடுகின்றனர். பண்டைக் கிரேக்கர்கள் தீசியஸின் கப்பலைப் பற்றி எழுப்பிய வினா இதுதான்: பலகைகள் அனைத்தும் மாற்றப்பட்ட பின்னும் அது அதே கப்பல்தானா?

சட்டம் இதற்குத் தன் வழியில் விடை சொல்கிறது. சேசிஸில் பொறித்த எண்ணும், பதிவுச் சான்றும் பொருந்தினால் அது அதே வண்டி. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; பிறகு சோதனைக்குட்படுத்தி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். இயந்திரத்தை மாற்றுவது போன்ற பெரிய மாற்றங்களுக்கு முன் அனுமதி வேண்டும். இச்சோதனையைத் தொல்லையென்று கருதி, தெரிந்தவர் மூலம் முடித்துக்கொள்வோர் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் வேற்றுக்கண் ஒன்று நம் வேலையைப் பார்ப்பது, தானே பழுதுபார்ப்பவனுக்குக் கிடைக்கும் நன்மையே.

அறம் சொல்லும் விடை சற்று வேறானது. உறுப்புகள் மாறினாலும் பொறுப்பு மாறாமல் கைமாறி வந்தால், அது அதே வண்டி. அதற்கு எளிய வழி ஒரு குறிப்பேடு. எந்த நாளில் எண்ணெய் மாற்றியது, எந்த வாஷர் போட்டது, எந்தக் குறை இன்னும் தீராமல் நிற்கிறது என்பதை எழுதிவைத்தால், அடுத்துப் பேணுபவன் மகனாயினும் முன்பின் அறியாதவனாயினும், இருட்டில் தடவவேண்டியதில்லை. அமானிதம் என்னும் சொல்லை நாம் பணத்துக்கும் இரகசியத்துக்கும் மட்டுமே பயன்படுத்துகிறோம். நமக்குப் பின்னும் இருக்கப்போகிற ஒவ்வொரு பொருளுக்கும் அது பொருந்தும்.

இக்கடனுக்கு ஒரு முடிவும் உண்டு. சேசிஸ் துருவேறி உளுத்து, வெல்டிங்கும் பிடிக்காத நிலை வந்தால், பற்று எவ்வளவு இருந்தாலும் வண்டியைச் சாலையிலிருந்து விலக்க வேண்டும். நல்ல உறுப்புகளைத் தேவையுள்ளவருக்குக் கொடுத்து, எஞ்சியதை முறைப்படி உடைத்து, பதிவை நீக்கிவிடுவதும் பேணுதலின் கடைசிச் செயலே. விட மறுப்பதை விசுவாசம் என்று எண்ணிக்கொள்ளலாகாது.

இன்றைய புதிய வண்டிகளைத் திறந்தால், கைக்கு எட்டும் பகுதி குறைவு. கணினி சொன்னால்தான் குறை தெரியும். பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஆராய மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையத்தளத்தையும் தொடங்கியது. மோட்டார் வண்டிகளும் அதில் அடக்கம். உரிமையைக் கேட்பது நியாயமே. உரிமை வந்த பிறகும் மூடியைத் திறந்து பார்க்க மனமில்லையெனில், அவ்வுரிமையால் யாருக்கு என்ன பயன்?

பேணுதல் யார் கடன் என்று கேட்டோம். வேலையைப் பிறரிடம் கொடுக்கலாம். பொறுப்பைக் கொடுக்க முடியாது. தேர்ந்த பட்டறையில் விட்டாலும், அங்கே சரியாக நடந்ததா என்று பார்ப்பது உடையவன் கடன். தானே செய்தாலும், அதைத் தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்ப்பது அவன் கடன். கை யாருடையதாகவும் இருக்கலாம், கணக்கு நம்முடையது. ஆகவே சாவியைக் கையில் எடுக்குமுன், வண்டிக்கடியில் ஒருமுறை குனிந்து பார்ப்போம். பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்ப்போம். அரை நிமிடத்துக்கு மேல் ஆகாது. வழியில் நடந்து செல்பவர் நம்மை அறியமாட்டார். நாம் செய்ததையும் அறியமாட்டார். அவர் அறியாமலே அவருக்குச் செலுத்தவேண்டிய கடன் அது.